கோப்பின் கடைசி வரி

ஸுஹ்ரா ஆபீசுக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. மற்ற நாட்களில் வாட்ஸப் குழுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வரும். அன்றைய கோப்பை ஏற்றிவிட்டாள் என்று அர்த்தம். கரிம்பாடம் தாலுக்கா ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பவள் அவள். லினீஷ் அவளைப் பயிற்சி வகுப்பில் ஒரு முறையும், ஜனவரியில் நடந்த பரிசளிப்பு விழாவில் ஒரு முறையும் பார்த்திருக்கிறான்.

"மோனே, அங்க கம்ப்யூட்டர் பாக்கறது நீதானே?"

"ஆமா இத்தா. ஃபைல் ஏறலையா?"

"அதெல்லாம் ஏறுது. ஷம்னான்னு ஒரு பொண்ணு. அவ குழந்தைக்கு ரெஃபர் வந்து எத்தன மாசம் ஆச்சு. ஏன் யாரும் கூப்பிடல?"

கூப்பிட்டிருப்பார்கள், நம்பர் மாறியிருக்கும் என்று லினீஷ் சொல்லிப் பார்த்தான். ஸுஹ்ரா ஒத்துக்கொள்ளவில்லை. முந்தின நாள் ஷம்னா ஒன்பதாம் மாதத்து ஊசிக்குக் குழந்தையோடு வந்திருந்தாளாம். யாரும் கூப்பிடவில்லை, அதனால் குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். ஷம்னா அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊசி அறையில் யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார்களாம். பெஞ்சில் இருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டன. ஷம்னாவின் மடியில் இருந்தது மட்டும் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தது.

"நீங்க அவங்ககிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"நான் என்னத்தச் சொல்ல? ஏதாவது இருந்தா கோழிக்கோட்டுல இருந்து கூப்பிடுவாங்கன்னு அன்னிக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன். கூப்பிடலன்னதும் அவ அத நல்ல சேதியா எடுத்துக்கிட்டா. என்னன்னு பாத்துச் சொல்லு."

பார்க்கிறேன் என்றான்.

ஆபீஸ் மாவூர் ரோட்டில், ஒரு பல் டாக்டரின் க்ளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது. முன்பக்கம் நாலு மேசை, பின்பக்கம் சத்தம் நுழையாதபடி பஞ்சு வைத்து அடைத்த பரிசோதனை அறை. ஜோஸ்லின் தொடங்கிய அறக்கட்டளை அது. அவள் பாலா என்ற ஊர்க்காரி; காது பரிசோதனை படித்தவள். மலபாரின் அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் பிறந்த குழந்தைகளைச் சோதிக்க ஆள் வைத்திருந்தாள். சோதிக்கும் கருவிக்கு இரண்டு சொல்தான் தெரியும். பாஸ், அல்லது ரெஃபர். ரெஃபர் வந்தால் குழந்தையைக் கோழிக்கோட்டுக்குக் கூட்டிவந்து பெரிய பரிசோதனை செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குள் காதில் கருவி பொருத்திவிட்டால் பேச்சு பெரும்பாலும் மற்றக் குழந்தைகளுக்கு வருவதுபோலவே வரும். தள்ளிப்போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகும். ஜோஸ்லின் இதை ஏறிய மேடையில் எல்லாம் சொல்வாள்.

ஆஸ்பத்திரிகளில் சாயங்காலம் ஒரு பொத்தானை அழுத்தினால் அன்றைய கோப்பு கிளவுடில் போய் விழும். காலையில் லினீஷ் எழுதிய நிரல் அந்தக் கோப்புகளை எல்லாம் எடுத்து, ஒன்றின் வாலில் அடுத்ததன் தலையை ஒட்டி, ஒரே நீளக் கோப்பாக்கும். அதிலிருந்து ரெஃபர் வந்தவர்களைப் பிரித்து ப்ரஸீத சேச்சியின் திரைக்கு அனுப்பும். சேச்சி ஒவ்வொரு தாயாகக் கூப்பிட்டு நாள் குறித்துக் கொடுப்பாள். எல்லோரும் வேலைக்கு வரும்போது ஒட்டும் வேலை முடிந்திருக்கும். லினீஷ் அதைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

இப்போது பார்த்தான். ஒட்டிய கோப்பில் ஷம்னா இல்லை. குழந்தையைச் சோதித்த அன்று கரிம்பாடத்திலிருந்து வந்த கோப்பைத் தனியாகத் திறந்தான். இருந்தாள். ஷம்னாவின் குழந்தை, பெண், இடது காது ரெஃபர், வலது காது ரெஃபர். பிறந்த கையோடு சோதிப்பதால் குழந்தைக்குப் பெயர் இருக்காது, தாயின் பெயர்தான். அதுதான் கோப்பின் கடைசி வரி.

கர்சரை அந்த வரியின் முடிவில் வைத்துக் கீழே இறக்கினான். இறங்கவில்லை.

ஒரு வரி முடிந்துவிட்டது என்று சொல்ல ஒரு குறி உண்டு. கண்ணுக்குத் தெரியாது. சில ஆஸ்பத்திரிகளில் இருந்த பழைய மடிக்கணினிகள் கடைசி வரிக்கு மட்டும் அந்தக் குறியைப் போடாமல் விட்டுவிடும். கோப்பைத் தனியாகத் திறந்தால் ஒரு குறையும் தெரியாது. ஒட்டும்போதுதான் வினை. முடிவு இல்லாத கடைசி வரியும் அடுத்த ஆஸ்பத்திரிக் கோப்பின் தலைப்பு வரியும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரியாகிவிடும். இது ஒரு வரியே இல்லை என்று நிரல் அதைத் தள்ளிவிடும்.

தள்ளச் சொன்னது லினீஷ்தான். போன ஜூனில், திருவனந்தபுரத்திலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று காலையில், நிரல் பாதியில் நின்றுபோனது. பழுதான வரி இருக்கிறது என்றது. கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பழுதான வரி வந்தால் விட்டுவிட்டு மேலே போ என்று ஒரு கட்டளை சேர்த்தான். ஓடியது. அதிகாரிகள் பார்த்தார்கள், பழம்பொரி தின்றார்கள், போனார்கள். பிறகு அவன் விட்டுப்போனவற்றில் ஒன்றை எடுத்துப் பார்க்கவும் செய்தான். பாதி வரி தலைப்புச் சொற்களாக இருந்தது. தலைப்புகள்தான் சிதறுகின்றன என்று எடுத்துக்கொண்டான். நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான் விட்டுப்போயின. எந்தத் தரவிலும் அந்த அளவு அழுக்கு இருக்கும்.

ப்ரஸீத சேச்சி எட்டிப் பார்த்து, என்ன, உன் மேகத்துல மழை பிடிச்சுக்கிச்சா என்று கேட்டாள். அவன் அடுத்த ஆஸ்பத்திரியின் கோப்பைத் திறந்தான்.

ஜோஸ்லினிடம் போய்ச் சொல்ல எழுந்தவன் மறுபடி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தான். கோப்புக்கு ஒரு வரிதான் போயிருக்கிறது. நூறு குழந்தைகளில் மூன்று பேருக்குத்தான் ரெஃபர் வரும். அப்படியானால் தொலைந்தவர்களில் ரெஃபர் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். ஷம்னா அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்தி. நினைத்ததும் சற்று மூச்சு வந்தது. அந்தக் கொஞ்சம் பேர் யார் என்று தெரிந்துகொண்டு போய்ச் சொல்லலாம் என்று தள்ளப்பட்ட வரிகளை எல்லாம் வெளியே எடுத்தான்.

மூன்றில் ஒன்று ரெஃபர்.

நிரலில் இன்னொரு தப்பு இருக்கிறது என்று நினைத்து மறுபடி ஓட்டினான். அதே விடை. பழைய மடிக்கணினி இருந்த ஆஸ்பத்திரிகளை மட்டும் தனியே பார்த்தான். ஒன்பது மாதத்தில் அங்கே ரெஃபர் வந்த குழந்தைகள் பெரும்பாலும் எல்லாருமே தள்ளப்பட்ட வரிகளில்தான் இருந்தார்கள். ஆள் பார்த்துப் பொறுக்கி எடுத்ததுபோல இருந்தது.

ஸுஹ்ராவைக் கூப்பிட்டான். எந்தக் குழந்தையை முதலில் சோதிப்பீர்கள், எதைக் கடைசியில் என்று கேட்டான்.

"வந்த வரிசைதான். ரெஃபர் காட்டினா மட்டும் அதக் கடைசிக்கு வெச்சுப்போம்."

"ஏன்?"

"நல்லா கேட்ட போ. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. வார்டுல கூட்டம், சத்தம். புதுக் குழந்தைக்குக் காதுல அழுக்கு வேற இருக்கும். அதனால மொத தடவ ரெஃபர் வந்தா எழுதக் கூடாது, எல்லாரும் போனப்புறம் இன்னொரு தடவ பாக்கணும்னாங்க. நான் பால் குடுக்கச் சொல்லி, தூங்க வெச்சு, ஃபேனக்கூட நிறுத்திட்டுத்தான் பாப்பேன். அப்பவும் ரெஃபர்னா எழுதிடுவேன். எழுதிட்டு ஃபைல ஏத்திட்டு வீட்டுக்குப் போவேன்."

"எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படித்தானா இத்தா?"

"எல்லாரும் ஒரே க்ளாஸ்லதானே உக்காந்தோம்."

அவன் நடந்ததைச் சொன்னான். மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். ஆனாலும் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது.

"அப்ப நான் கடைசிக்கு வெச்சதெல்லாம் போச்சா?" என்றாள்.

"போகல இத்தா. ஒட்டின ஃபைல்லதான் இல்ல. நீங்க அனுப்பினது அப்படியே கிளவுட்ல இருக்கு. எல்லாப் பேரும் இருக்கு."

"ஜனவரில எங்களுக்கு ஷீல்டு குடுத்தீங்களே. ரெஃபர் ரொம்பக் கம்மி, ரொம்பக் கவனமா சோதிக்கறாங்கன்னு மைக்குல சொன்னீங்க. டாக்டர் அத ஓபி வாசல்ல மாட்டி வெச்சிருக்காரு. தெனம் அதுக்குக் கீழதான் நடக்கறேன்."

லினீஷ் ஷம்னாவின் வரியை மறுபடி திறந்தான்.

"ஷம்னாகிட்ட நான் சொல்ல மாட்டேன் மோனே. நீயே சொல்லு," என்று வைத்துவிட்டாள்.

ஜோஸ்லின் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். கப்பைக்கிழங்கும் மத்திமீன் கறியும். அவன் நின்றுகொண்டே சொன்னான். மடிக்கணினி, வரி முடிவுக் குறி, தான் சேர்த்த கட்டளை, கடைசிக்கு வைக்கும் வழக்கம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். அவள் டப்பாவை மூடினாள்.

"எத்தன நாளா?"

"போன ஜூன்ல இருந்து மேடம்."

"எத்தன பேரு?"

"நூறுக்கு மேல."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"அந்த ஷீல்ட நான்தான் குடுத்தேன். ரெஃபர் கொறஞ்சப்ப சந்தோஷப்பட்டேன். எங்கயும் இல்லாத மாதிரி அங்க மட்டும் ஏன் கொறையுதுன்னு கேட்டிருக்கணும். இருபது வருஷமா இதே வேலையில இருக்கேன், எனக்குத் தோணல."

"மேடம், நான் வேணும்னா..."

"ராஜினாமா எழுதற நேரத்துல நாலு வீட்டக் கூப்பிடலாம். எழுதறதா இருந்தா எல்லாரையும் கூப்பிட்டு முடிச்சப்புறம் எழுது. இப்ப அந்தப் பேர எல்லாம் வயசு வாரியா எடுத்துக் குடு."

முதலில் ஷம்னாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். ஜோஸ்லின் தலையை அசைத்தாள்.

"அந்தக் குழந்தைக்கு ஒன்பது மாசம். இப்பக் கூப்பிட்டாலும் ஒன்பதுதான், சாயங்காலம் கூப்பிட்டாலும் ஒன்பதுதான். அஞ்சு முடிஞ்சு ஆறத் தொடப்போறது யாருன்னு பாரு. அவங்கள முதல்ல கூப்பிடணும். தாண்டினவங்க அதுக்கப்புறம்." கொஞ்சம் நிறுத்தி, "இன்னொண்ணு. கம்ப்யூட்டர் தப்புன்னு யாரும் சொல்லக் கூடாது. நம்ம தப்புன்னு சொல்லணும்," என்றாள்.

நிரலைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை. கோப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவதை விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்து, வரிவரியாக வாசித்து, பிறகு சேர்க்கச் சொன்னான். பழுதை விட்டுவிட்டுப் போ என்ற கட்டளையை அழித்தான். பழுது வந்தால் நில், நின்று சொல் என்று எழுதினான். பழைய கோப்புகள் அனைத்தையும் மறுபடி சேர்த்தபோது தொலைந்தவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். தாய்மார் பெயர்கள். பக்கத்தில் குழந்தையின் வயது. சிலதற்கு மூன்று மாதம். சிலதற்கு எட்டு, ஒன்பது.

ப்ரஸீத சேச்சி மட்டும் கூப்பிட்டால் முடியாது. லினீஷும் உட்கார்ந்தான். சேச்சி தன் நாற்காலியைத் தள்ளி இடம் விட்டாள்.

"வா, பக்கத்துல உக்காரு. மொதல்ல உன் பேரச் சொல்லு, எங்க இருந்துன்னு சொல்லு. அப்புறம் தப்பச் சொல்லு. மாத்திச் சொன்னா வெச்சுடுவாங்க. அழுதா பேசாம இரு. சமாதானம் சொல்லாத. உனக்கு அது வராது."

"சேச்சி, இவ்வளவு நாள் உங்களுக்கும் சந்தேகம் வரலையா?"

"கரிம்பாடத்துல இருந்து ஆளே வரலையேன்னு ஒரு நாள் நெனச்சேன்டா. ஊரு நல்ல ஊரு போலன்னு விட்டுட்டேன்."

முதல் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவதில் ஒரு தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி, திங்கள்கிழமை வருகிறேன் என்று வைத்தாள், கடைக்காரனிடம் பேசுகிறவள்போல. மூன்றாவதில் ஒரு மாமியார் எடுத்து, எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் கிடையாது என்று சண்டை போட்டாள். வயநாட்டில் ஒரு தகப்பன், நாங்களே கண்டுபிடித்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்க் கருவி வைத்தாயிற்று, உங்கள் வேகத்துக்கு ரொம்ப நன்றி என்றான். திட்டுதான், ஆனால் அந்த ஒரு குழந்தைக்காவது கருவி வந்துவிட்டதே என்று லினீஷுக்கு எழுந்து தண்ணீர் குடிக்கத் தோன்றியது. குடித்தான்.

ஆறு மாதத்தைத் தொடாதவர்கள் முடிந்தபோது வெயில் மேசையை விட்டு நகர்ந்திருந்தது. தாண்டியவர்களில் கரிம்பாடம் வந்தது. ப்ரஸீத சேச்சி பெயரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், தன் அடுத்த நம்பருக்குப் போனாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"கோழிக்கோட்டுல இருந்து லினீஷ் பேசறேன். குழந்தைகளுக்குக் காது பாக்கற ஆபீஸ்."

"ஓ. ஸுஹ்ராத்தா சொல்லிக் கூப்பிடறீங்களா? நேத்துதான் பார்த்தேன்." சின்ன வயதுக் குரல். பின்னால் மின்விசிறிச் சத்தம்.

அவன் சொன்னான். குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் செய்த சோதனையில் இரண்டு காதும் ரெஃபர் என்று வந்தது. அன்றே கூப்பிட்டிருக்க வேண்டும். அவன் செய்த வேலையில் தப்பு இருந்ததால் அவள் பெயர் கூப்பிடுகிறவர்களிடம் போய்ச் சேரவில்லை.

"நீங்க கூப்பிடலையே," என்றாள் ஷம்னா.

"கூப்பிடல."

"கூப்பிடலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

"அப்படித்தான் இருந்திருக்கணும். ஆனா உங்க விஷயத்துல அது தப்பாயிடுச்சு. எங்க தப்பு."

அவள் மெதுவாக, அவனுக்கு விளக்குகிறவள்போல, பேசத் தொடங்கினாள். பிரசவப் படுக்கையில் இருந்த நாள் முழுக்கப் போனைத் தலைமாட்டில் வைத்திருந்தாள். குளிக்கப் போகும்போது உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். தெரியாத நம்பர் எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுப்பாள். பிரசவத்தின் நாற்பது நாள் கழிந்தும் யாரும் கூப்பிடாததால், குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று வளைகுடாவில் தம்மாமில் இருக்கும் கணவனிடம் சொன்னாள். அவன் தன் அறையில் இருந்தவர்களுக்கு எல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

லினீஷ் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"அவளுக்குக் கேக்கும்," என்றாள். "நான் கூப்பிட்டா சிரிப்பா. கதவச் சாத்தினா திரும்பிப் பாப்பா."

கதவைச் சாத்தினால் தரை அதிரும், அது தெரியும் என்று ஜோஸ்லின் சொல்லி அவன் கேட்டிருக்கிறான். அதை அவன் சொல்லவில்லை. "உங்க முகம் தெரியாம, பின்னால இருந்து கூப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

மின்விசிறிச் சத்தம் நின்றது.

"இருங்க," என்றாள். "அவ பாயில அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கா. போன அவ முதுகுக்குப் பின்னால வெக்கறேன். ஸ்பீக்கர்ல. நீங்க கூப்பிடுங்க."

"நானா?"

"உங்க குரல் அவளுக்குப் புதுசு. புதுக் குரல்னா திரும்புவா."

"பேரு தெரியாது. எங்ககிட்ட உங்க குழந்தைன்னு மட்டும்தான் இருக்கு."

"மின்ஹா."

போனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பிளாஸ்டிக் எதையோ தரையில் தட்டும் சத்தம், பக்கத்தில். டக், டக், டக்.

"மின்ஹா," என்றான் லினீஷ்.

டக், டக், டக்.

"மின்ஹா."

அவன் எழுந்து நின்றான். ப்ரஸீத சேச்சி பேசிக்கொண்டிருந்த போனைக் கையால் மூடிக்கொண்டாள். ஜோஸ்லின் அறை வாசலுக்கு வந்தாள். அவன் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். கீழே பல் டாக்டரிடம் காத்திருப்பவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். தட்டல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொஞ்சம் தள்ளி ஷம்னாவின் குரல் கேட்டது. ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். தட்டல் அதுபாட்டுக்கு நடந்தது.

போனை எடுத்தார்கள். அவளுடைய மூச்சு கேட்டது. சேச்சி சொன்னது நினைவிருந்ததால் லினீஷ் வாயைத் திறக்கவில்லை.

"இங்க இருந்து வர்ற நிலம்பூர் பஸ் அங்க எந்த ஸ்டாண்டுல நிக்கும்?" என்று கேட்டாள்.

"மாவூர் ரோடு புது ஸ்டாண்டு. எப்ப வர்றீங்கன்னு சொல்லுங்க. நான் வந்து நிக்கறேன்."

"நீங்க வரவேண்டாம். நாளைக்குக் காலையில வர்றேன். வழி சொல்லுங்க, போதும்."

ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து ரோட்டைக் கடக்காமல் இடது கைப்பக்கம் நடக்க வேண்டும் என்றான். மருந்துக்கடை, அதை ஒட்டி ஒரு செருப்புக்கடை, அப்புறம் பல் டாக்டர் போர்டு. போர்டுக்குப் பக்கத்தில் மாடிப்படி. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். இடது கைப்பக்கம். மருந்துக்கடை. செருப்புக்கடை. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் குழந்தை தட்டிக்கொண்டே இருந்தது.